குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது, வேறென்ன செய்யும்?

இலங்கை மலையகத்தில் குங்குமப்பூவைக் கடையில் போய் வாங்குகிறவர்கள் குறைவு. அது பெரும்பாலும் ஆள் வழியாகத்தான் வந்து சேரும். குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்கு இருந்துவிட்டுத் திரும்பும் சித்தியின் சூட்கேசில், சவர்க்காரக் கட்டிகளுக்கும் பேரீச்சம்பழப் பக்கெட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன டப்பி கிடக்கும். தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போனவர்களும் வாங்கி வருவார்கள். டவுன் கடைகளில் இருந்தாலும் மற்றச் சரக்குகளோடு வெளியில் வைப்பதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், முதலாளியின் கண்பார்வையில் இருக்கும். விலை அப்படி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ரூபாய் ஆனது. ஒரு கிராம் நல்ல குங்குமப்பூ வாங்க ஒரு நாள் சம்பளம் போதாது.

அந்த டப்பி வீட்டுக்கு வந்தாலும் சும்மா திறக்கமாட்டார்கள். மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அலமாரியிலிருந்து இறங்கும். நாலைந்து மாதம் ஆனதும் இரவில் ஒரு கிளாஸ் சூடான பாலில் இரண்டு மூன்று இழை. காரணம் கேட்டால் சுற்றிவளைக்காமல் சொல்வார்கள்: பிள்ளை சிவப்பாகப் பிறக்கணும்.

இந்த நம்பிக்கையைக் கேலி செய்வது எளிது. ஆனால் குங்குமப்பூவை ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று ஒதுக்கிவிட்டால் அதுவும் தப்புத்தான். அதற்குள் மருந்துக் குணமுள்ள பொருட்கள் இருக்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் மனிதர்களிடம் முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நாம் எதற்காக அதைப் பாலில் போடுகிறோமோ அந்த வேலையை அது செய்வதில்லை. அது ஓரளவு செய்கிற வேலைக்கு நாம் அதைப் பயன்படுத்துவதும் இல்லை.

முதலில் செடியைப் பார்ப்போம். குரோக்கஸ் சடைவஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். வெங்காயம்போல மண்ணுக்குள் கிழங்கு, மேலே ஊதா நிறப் பூ. பூவின் நடுவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். அவை பூவின் சூல்முடிகள். நாம் வாங்குவது அதை மட்டும்தான். பொழுது விடிந்து வெயில் ஏறுமுன் பூவைப் பறித்து, கையாலேயே இழையைக் கிள்ளி எடுத்துக் காயவைக்கவேண்டும். ஏறத்தாழ 150 பூவுக்கு ஒரு கிராம் தேறும். ஒரு கிலோ என்றால் ஒன்றரை லட்சம் பூ. விலைக்குக் காரணம் வேறொன்றும் இல்லை, இந்தக் கைவேலைதான். கொழுந்தெடுத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. உலகத்தின் குங்குமப்பூவில் மிகப் பெரும் பங்கு ஈரானிலிருந்து வருகிறது. இந்தியாவில் காஷ்மீரின் பாம்போர் பக்கம் பெயர் பெற்றது. காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இழைக்குள் மூன்று முக்கியமான பொருட்கள். நிறம் தருவது குரோசின். கசப்பைத் தருவது பிக்ரோகுரோசின். மணம் தருவது சஃப்ரனால். இதில் சஃப்ரனால் பச்சைப் பூவில் அநேகமாக இருப்பதில்லை. காயவைக்கும்போது பிக்ரோகுரோசின் உடைந்துதான் அது உண்டாகிறது. பறித்த கொழுந்தை முகர்ந்தால் தேத்தண்ணி வாசம் வராது, ஃபெக்டரியில் வாடி, அரைபட்டு, காய்ந்த பிறகுதான் வரும் அல்லவா, அதுபோலத்தான். மோசமாகக் காயவைத்த குங்குமப்பூவுக்கு நிறம் இருந்தாலும் வாசம் இருக்காது.

இங்கே எப்போதும் வரும் ஒரு கேள்வி: காஷ்மீர்போல நுவரெலியாவும் குளிர்தானே, இங்கே போட்டால் வராதா? முகநூலில் கிழங்கு விற்கிறவர்களும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். இந்தச் செடிக்குக் குளிர் மட்டும் போதாது. கோடையில் மண் காய்ந்து சூடாக இருக்கவேண்டும். அப்போது கிழங்கு உறங்குவதுபோலத் தெரியும். ஆனால் உள்ளே 23 முதல் 27 பாகை வெப்பத்தில் பூமொட்டு உருவாகிக்கொண்டிருக்கும். பிறகு வெப்பம் சட்டென்று 17 பாகைக்குக் கிட்ட இறங்கினால்தான் மொட்டு வெளியே வரும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர். காய்ந்த கோடை என்று ஒன்று அங்கே இல்லை. காஷ்மீரில் பூக்கும் ஒக்டோபர், நவம்பரில் இங்கே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். ஈர மண்ணில் கிழங்கு அழுகிவிடும். வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திய அறைக்குள் தட்டுகளில் வளர்க்கலாம், இந்தியாவில் அப்படிச் சிலர் வளர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அது மின்கட்டணத்தோடு செய்யும் தொழில், லயத்துக் கொல்லையில் நடக்கிற காரியம் இல்லை.

வெளிநாட்டு மருந்துச் செடி எதுவும் இந்த மலைக்கு ஒத்துவராது என்று அர்த்தமில்லை. நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல பூங்காவை 1861இல் தொடங்கியதே மலேரியாவுக்குக் கொய்னா எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். அது இங்கே நன்றாகவே வந்தது. கோப்பி நோயால் அழிந்துகொண்டிருந்தபோது பல தோட்டங்கள் கொஞ்ச காலம் சிங்கோனாவில் தொங்கிக்கொண்டிருந்தன; அளவுக்கு மிஞ்சி விளைந்து விலை விழுந்ததும் தேயிலைக்கு மாறின. அந்த மரத்துக்குக் கிடைத்த மண் ராசி குங்குமப்பூவுக்குக் கிடைக்கவில்லை.

சரி, நிறத்துக்கு வருவோம்.

மனிதத் தோலின் நிறம் மெலனின் என்ற நிறப்பொருளால் வருகிறது. அது எவ்வளவு, எந்த வகை, எப்படிப் பரவும் என்பதை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. கருத்தரித்த அன்றைக்கே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. நாலாம் மாதத்தில் பாலில் விழும் இழை அதைத் திருத்தமுடியாது.

இதற்கு ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. நுவரெலியாக் கரட்டை அளவில்லாமல் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகிறதே, சாப்பாட்டு நிறம் தோலுக்குப் போகாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கரட்டிலுள்ள பீட்டா கரோட்டினும் குங்குமப்பூவின் குரோசினும் ஒரே குடும்பம்தான். ஆனால் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும். அதனால் தோலடிக் கொழுப்பில் தங்கும். குரோசினுக்கு இரண்டு முனையிலும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் அது தண்ணீரில் கரையும். அதனால்தான் பாலும் பிரியாணிச் சோறும் அவ்வளவு அழகாக நிறம் பிடிக்கின்றன. குடலுக்குள் போனதும் குரோசினின் சர்க்கரை கழன்று, குரோசெட்டின் என்ற பொருளாக இரத்தத்தில் கலந்து, கொஞ்ச நேரத்தில் வெளியேறிவிடும். அதுவும் இரண்டு மூன்று இழையிலிருந்து வருவது மில்லிகிராமில் ஒரு துளி. அப்படியே தோலில் ஏறினாலும் ஏறப்போவது மஞ்சள்தான், வெள்ளை இல்லை.

அப்புறம் ஏன் இத்தனை பேர் ‘நான் குடித்தேன், பிள்ளை சிவப்பாகப் பிறந்தது’ என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். மெலனின் முழுதாகச் சுரக்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். மெல்லிய தோலுக்கடியில் இரத்தம் ஓடுவதால் முதல் நாட்களில் செக்கச்செவேலென்று தெரியும். ஊரே வந்து பார்ப்பது அந்த நாட்களில்தான். பிள்ளையின் சொந்த நிறம் வந்து சேரும்போது யாரும் டப்பியைக் குறை சொல்வதில்லை. பனியும் வெயிலும் பட்டுக் கறுத்துவிட்டது என்பார்கள். குங்குமப்பூ எப்படியும் ஜெயிக்கும் ஆட்டம் இது.

என்னைக் கேட்டால் இந்த நம்பிக்கையின் பெரிய கேடு பணச் செலவில் இல்லை. கர்ப்பிணியின் வீட்டில் எல்லோருடைய கவனமும் நிறத்தின்மேல் போய்விடுகிறது. கவனிக்கவேண்டியது இரத்தம், எடை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இதற்குக் காரணங்கள் பல. தாயின் இரத்தசோகையும் வயிற்றுக்குள் பிள்ளை எடை கூடாமல் போவதும் அவற்றில் முக்கியமானவை.

கிளினிக் நாளில் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கும் மிட்வைஃபுக்கும் நடந்த பேச்சு இப்படிப் போனது.

“மிஸ், ராவைக்கு நாலு இழை பால்ல போட்டுக் குடுக்கிறேன். ஒண்ணும் ஆயிராதே?”

“நாலு இழையால ஒண்ணும் ஆகாது பாட்டி. ஐயன் குளிசைய எப்பக் குடுக்கிறீங்க?”

“அதுவும் அந்தப் பாலோடதான்.”

“அதைத்தான் செய்யக்கூடாது. பாலோடயும் வேணாம், தேத்தண்ணியோடயும் வேணாம்.”

மிட்வைஃப் பூவை விட்டுவிட்டுப் பாலைப் பிடித்தது சரியான பிடி. பாலிலுள்ள கல்சியம் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கிளினிக்கில் ஐயன் என்ற இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் வெவ்வேறு நேரத்தில் போடச் சொல்வது அதனால்தான். தேயிலையிலுள்ள பொலிஃபீனோல்கள் இன்னும் மோசம். குளிசையிலுள்ள இரும்பை மட்டுமல்ல, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பையும் அவை குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மலையில் காலைச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை, பத்து மணிக்கு ஒன்று, பகல் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று என்று சாயத்தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி விட்டாலே பெரிய வித்தியாசம். ஐயன் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடோ கிளினிக்கில் தரும் விட்டமின் சி குளிசையோடோ போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். இரவுப் பாலில் இழை போடுவதானால் போடட்டும். ஐயன் குளிசை அந்த நேரத்துக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஒரு கிராம் குங்குமப்பூவின் காசுக்கு எத்தனை முட்டை, எவ்வளவு நெத்தலிக் கருவாடு வரும் என்ற கணக்கை ஒவ்வொரு வீடும் தானே போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து ஆசையாக வந்த டப்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. கடன் சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கர்ப்ப காலத்தில் ஆபத்து உண்டா என்றால், அளவைப் பொறுத்தது. பாலுக்கும் சோற்றுக்கும் போடும் சில இழைகளால் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை. அளவு கூடினால் அது கருப்பையைச் சுருங்கத் தூண்டும். பழைய வைத்தியத்தில் நின்றுபோன மாதவிலக்கை வரவைக்கவும், கருவைக் கலைக்கவும் இதைக் கொடுத்ததற்கும் இந்தக் குணம்தான் காரணம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் வரை நஞ்சாகாது என்றும், 5 கிராமுக்கு மேல் நஞ்சு என்றும், 12 முதல் 20 கிராம் உயிரை எடுக்கக்கூடும் என்றும் மருந்தியல் நூல்கள் சொல்கின்றன. அவ்வளவு குங்குமப்பூ வாங்க யாரிடம் காசு இருக்கிறது என்று சிரிக்கலாம்தான். சாறு இறக்கி அடர்த்தியாக்கிய கப்சூல்கள் ஒன்லைனில் தாராளமாகக் கிடைக்கிற காலம் இது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அந்தக் கப்சூல் பக்கம் தாமாகப் போகவேண்டாம்.

வாங்கியது குங்குமப்பூதானா என்பது தனிக் கதை. சோளக்கதிரின் நாரைச் சாயத்தில் முக்கியது, செண்டுப்பூ இதழைக் கீறியது, குசும்பாப்பூ என்று பல வேஷத்தில் போலி வரும். வளைகுடாச் சமையலறையில் வேலை செய்து வந்த பெண்களை இதில் ஏமாற்றமுடியாது. கஹ்வா என்ற அரபுக் கோப்பிக்கும் சோற்றுக்கும் தினமும் அதை நனைத்துப் பழகியவர்கள். அப்படிப்பட்ட ஓர் அத்தை டவுனில் வாங்கிய ஒரு பக்கெட்டைச் சோதித்ததைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கோப்பையில் பச்சைத் தண்ணீர், அதில் நாலு இழை. போட்ட உடனே தண்ணீர் செம்பருத்திச் சாறுபோலச் சிவந்தது. ஒரு நிமிடத்தில் இழைகள் வெளுத்து வெறும் நாராகிவிட்டன. ‘நல்ல சாமானாக இருந்தால் அவசரப்படாது’ என்று அத்தை தன் டப்பியிலிருந்து இரண்டு இழையை இன்னொரு கோப்பையில் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு இழையின் நுனியிலிருந்து பொன்மஞ்சள் நூல் நூலாக இறங்கியது. கால் மணி நேரத்தில் தண்ணீர் முழுக்க மஞ்சளான பிறகும் இழை சிவப்பாகவே கிடந்தது. ஒரு முனை ஊதுகுழல்போல விரிந்திருப்பதையும் அப்போது காட்டினார். நார்ப் போலியில் அந்த விரிவு இருக்காது. வாயில் வைத்தால் அசல் கசக்கும். இனித்தால் அதில் ஏதோ பூசியிருக்கிறார்கள். பொடியாக வாங்கினால் இந்தச் சோதனை எதுவும் செய்யமுடியாது என்பதால் பொடியே வேண்டாம்.

இலங்கையில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘சாஃப்ரன்’ என்று அச்சடித்த மலிவான பக்கெட்டுகளில் இருப்பது பல நேரம் மஞ்சள் தூள்தான். நாட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் மஞ்சளுக்கு அந்தப் பெயரையே பழக்கமாகச் சொல்லிவருகிறார்கள். குங்குமப்பூவின் குணங்களை இணையத்தில் படித்துவிட்டு அந்தத் தூளைப் பாலில் கலக்கிக் குடிக்கிறவர்கள் குடிப்பது வேறு மருந்து. மஞ்சளும் நல்ல பொருள்தான். ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

மருத்துவக் குணங்கள் என்று சுற்றும் பட்டியலில் பலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குப் பரிசோதனைக் குழாயிலும் எலிகளிலும் செய்த சோதனைகளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அதை நம்பி மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் வீட்டில் இருந்துவிடக்கூடாது. முகத்துக்கான குங்குமாதித் தைலம் ஆயுர்வேதத்தில் பழையது. அதில் குங்குமப்பூ பல மூலிகைகளில் ஒன்று மட்டுமே. கண்ணுக்கு நல்லது என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. வயதாவதால் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோயின் தொடக்க நிலையில் இருந்த 25 பேருக்கு இத்தாலியில் நாளுக்கு 20 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள்; ஒளிக்கு விழித்திரை காட்டும் உணர்வு சற்றுக் கூடியதாக 2010இல் வெளியிட்டார்கள். 25 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சொல்லமுடியாது. அதே ஆண்டில் ஈரானில் மறதி நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளும் வெளிவந்தன. ஒன்றில் 46 பேர், 16 வாரம், மருந்துச் சரக்கே இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிட்டது. இன்னொன்றில் 54 பேர், 22 வாரம், மறதி நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் மருந்தோடு ஒப்பிட்டது. இரண்டிலும் குங்குமப்பூ மோசம் போகவில்லை. இவையும் சிறியவைதான்.

பெண்களுக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒன்று 2008இல் வந்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எரிச்சல், அழுகை, உடல்வலி என்று அவதிப்படும் 20 முதல் 45 வயதுப் பெண்களுக்கு ஈரானில் காலையும் மாலையும் 15 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு மாதச் சுழற்சிக்குள் வெற்றுக் கப்சூல் எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் தொல்லை நன்றாகக் குறைந்தது. மழையில் நனைந்து, இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து ஏறும் நாளில் அந்த வலி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டு ஆண்கள் அதை ஒரு நோவாகவே எண்ணுவதில்லை என்பது வேறு.

மற்ற எல்லாவற்றையும்விட ஆதாரம் கூடுதலாக இருப்பது மனச்சோர்வுக்குத்தான். டெஹ்ரான் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாஹின் அகோண்ட்ஸாதேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் 30 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்குக் குங்குமப்பூச் சாறு 30 மில்லிகிராம், மற்றவர்களுக்கு இமிப்ரமின் என்ற பழைய மருந்து 100 மில்லிகிராம் என்று ஆறு வாரம் கொடுத்தார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. குங்குமப்பூ எடுத்தவர்களுக்கு வாய் உலர்வு, மயக்கம் போன்ற பக்கவிளைவுகள் குறைவு. அடுத்த ஆண்டே 40 பேரிடம் ஃப்ளூஒக்செட்டின் மருந்தோடு ஒப்பிட்டதிலும் அதே முடிவு. வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் குங்குமப்பூ தெளிவாக மேல். பிரசவத்துக்குப் பிறகு லேசான மனச்சோர்வு வந்த தாய்மாரிடமும் 2017இல் ஈரானில் சோதித்தார்கள். அதிலும் நல்ல பலன்.

எப்படி வேலை செய்கிறது? மூளை நரம்புகளுக்கு இடையில் செரட்டோனின் என்ற பொருள் அதிக நேரம் தங்குவதற்குக் குங்குமப்பூவின் பொருட்கள் உதவுகின்றன என்பது விலங்குச் சோதனைகளிலிருந்து கிடைத்த விளக்கம். இன்று டொக்டர்கள் எழுதிக்கொடுக்கும் பல மனச்சோர்வு மருந்துகளும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. ஊகம் பொருந்திப்போகிறது, ஆனால் முடிந்த முடிவில்லை.

இந்த ஆய்வுகளைக் கொண்டாடுமுன் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். பெரும்பாலானவை ஈரானில் செய்தவை. குங்குமப்பூ அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி. ஆட்கள் 30, 40, 60 என்று குறைவு. ஆறு, எட்டு வாரத்தோடு முடிந்துவிடுகின்றன. ஓர் ஆண்டு எடுத்தால் என்ன ஆகும் என்று அவை காட்டவில்லை. எடுத்தவர்கள் லேசான, நடுத்தர நிலையில் இருந்தவர்கள். படுக்கையை விட்டு எழும்ப முடியாத அளவுக்குச் சோர்ந்தவர்களிடமோ, உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவர்களிடமோ சோதிக்கவில்லை. இத்தனையும் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது என்பதே என் எண்ணம். சமையலறைச் சரக்குகளில் இந்த அளவுக்குத் தாக்குப்பிடித்தவை அதிகம் இல்லை.

இப்போது பாலுக்கு வருவோம். 150 பூவுக்கு ஒரு கிராம், பூவுக்கு மூன்று இழை என்றால் ஓர் இழையின் எடை சுமார் 2 மில்லிகிராம். இரவுப் பாலில் போடும் மூன்று இழை 6 மில்லிகிராம்தான். ஆய்வுகளின் 30 மில்லிகிராமுக்குப் பதினைந்து இழை வேண்டும். அதுவும் அவர்கள் பெரும்பாலும் கொடுத்தது இழையை அல்ல, சாறெடுத்துக் காயவைத்த மருந்தை. ஆகவே பாலில் மூன்று இழை போட்டுக் குடித்து மனச்சோர்வு தீரும் என்று யாரும் எதிர்பார்க்கவேண்டாம். நாள் முழுக்க ஓடியவள் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து சூடாக எதையாவது குடிப்பதில் வரும் ஆறுதல் பாலிலும் இருக்கிறது, பக்கத்தில் இருந்து கொடுக்கும் மாமியாரிலும் இருக்கிறது. டப்பி தீர்ந்த பிறகும் அது கிடைக்கும்.

பதினைந்து இழை, கப்சூல் என்று மருந்தளவில் எடுக்க நினைப்பவர்களில் சிலர் கட்டாயம் டொக்டரிடம் கேட்கவேண்டும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே குளிசை போடுகிறவர்கள் முதலில். இரண்டும் செரட்டோனினைக் கூட்டும் என்பதால் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று போகக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் அடுத்து. குங்குமப்பூ அளவு கூடினால் பிரஷரையும் சீனியையும் இறக்கும் தன்மை உள்ளது. சில நாள் அளவுகடந்த உற்சாகம், சில நாள் அதல பாதாளம் என்று மாறி மாறி வருகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. மற்றவர்களுக்கு வரக்கூடியவை தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், பசி மாற்றம் போன்ற சின்னத் தொல்லைகள்.

பிரசவம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல், பிள்ளையைத் தூக்க மனமில்லாமல், தூக்கம் வராமல் ஒரு தாய் இருந்தால், அதைப் பேய்க் குணம் என்று தாயத்துக்கும் ‘உடம்பு பலவீனம்’ என்று டப்பிக்கும் விட்டுவிடாமல் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் சொல்லிவிடவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கிளினிக்கில் குளிசை எழுதிக்கொடுத்தால், ‘இது பழக்கமாகிவிடும், பூவே போதும்’ என்று யாராவது சொல்வதைக் கேட்டு நடுவில் நிறுத்தவேண்டாம். அந்தக் குளிசைகளை டொக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். குங்குமப்பூ எடுக்கிறீர்கள் என்றால் எவ்வளவு, எப்போதிருந்து என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதற்கு ஏசுவாரோ என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. அவருக்கு மருந்தின் அளவைப் பார்க்க அந்தத் தகவல் வேண்டும்.